பின்பக்கம் பார்க்கவும்

ஜனவரி 9

அப்பா சர்க்கரையை விட்டு ஒரு மாதம் ஆகிறது. சர்க்கரைதான் அப்பாவை விடவில்லை. காலையில் வெறும் வயிற்றில் 214. அது பஸ் நம்பராக இருக்கலாம், பஸ் டிரைவரின் ரத்தத்தில் இருக்கக் கூடாது. பிப்ரவரி 3 மெடிக்கல். தேறாவிட்டால் இருபத்திரண்டு வருஷமாகப் பிடித்த ஸ்டீயரிங்கைத் தொட விடமாட்டார்கள்.

"சத்தியமா ஒரு துளி தொடலைடி வாலு" என்கிறார். அப்புறம் எப்படி?

ஜனவரி 12

229. அம்மா என்னை முறைக்கிறாள். எப்போதோ உப்பு டப்பாவில் சர்க்கரையைக் கொட்டி வைத்தேனாம், அதனால் இந்த வீட்டில் எது ஏறினாலும் உடனே என் மேல் ஏறுகிறார்கள். செய்த தப்புக்குத் திட்டினாலே எனக்கு ஆகாது. செய்யாததற்கு என்றால் பற்றிக்கொண்டு வருகிறது.

ஜனவரி 15

பிடித்துவிட்டேன். அத்தை. அப்பாவின் அக்கா. பேரீச்சம்பழப் பாகு காய்ச்சிப் பாட்டிலில் விற்பவள்.

"தம்பிக்கு ஒண்ணு குடுத்தேனே, டிப்போல டீக்கு ஊத்திக்கிறானா? இயற்கை இனிப்பு. சுகரே ஏறாது."

"தேள் கொட்டுறதும் இயற்கைதான் அத்தை. ஏறாதுன்னு யார் சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க. வாயைப் பாரு."

அந்த எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து விரலில் ஊசி குத்த வேண்டும்.

ஜனவரி 16

கிளினிக் நர்ஸிடம் கேட்டேன். "தேனோ பாகோ, உள்ள போனா சுகரை ஏத்தத்தான் செய்யும்மா. அப்பாவுக்கு இன்சுலின் ஏற்கெனவே திணறுது. சர்க்கரை வெள்ளைச் சட்டையைக் கழட்டிட்டு பழுப்புச் சட்டை போட்டு வந்தா அதுக்குத் தெரியாதா?"

இனிப்பு வேண்டியே ஆகணும் என்றால் சுகரை ஏற்றாத சீனித்துளசி இருக்கிறதாம். "அதுலயும் வேற என்ன கலந்திருக்குன்னு பாக்கெட் பின்பக்கம் படிச்சிட்டு வாங்கு."

ஜனவரி 17

டிப்போவுக்கே போனேன். அப்பாவின் லாக்கரில் பாட்டில், முக்கால்வாசி காலி. நான் கத்தின கத்தில் பக்கத்தில் இருந்த கண்டக்டர் டீயோடு வெளியே போய்விட்டார்.

"அத்தை சொன்னா அப்படியே ஊத்திக்குவீங்களாப்பா?"

"அக்கா பேச்சை எவன் கேட்டான்? அவ ஊரையே வித்துடுவா. லேபிள்ல போட்டிருந்துச்சு. அதுவும் உன் எழுத்து."

என் எழுத்து. 'சர்க்கரை அறவே இல்லை.'

போன மாதம் அத்தை நாற்பது லேபிள் எழுத வைத்தாள். கடுப்பில் ஒரே ஒரு பாட்டிலில் விளையாடினேன். முன்னால் அந்த வரி. பின்னால், 'என்று சொன்னால் நம்பிவிடுவீர்களா?' அவள் பார்க்காமல் அதையே தம்பிக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

"பின்னாடி பார்க்கலையாப்பா?"

"நீ எழுதினதுக்குப் பின்னாடி வேற பார்க்கணுமா?"

அறைந்திருக்கலாம்.

ஜனவரி 18

அத்தை மேல் கோபம். அப்பா மேல் கோபம். பேரீச்சை மரத்தின் மேல்கூடக் கோபம். வரிசை முடிகிற இடத்தில் நான் நிற்கிறேன். எனக்கு யார் ஊசி குத்துவது?

பிப்ரவரி 3

தேறவில்லை. மூன்று மாதம் டிப்போவில் உட்கார்ந்து மற்ற டிரைவர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுக்க வேண்டும். அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லித் தொலைத்தால்தான் என்ன?

பிப்ரவரி 20

அப்பாவுக்கு வெறும் டீ. எனக்கும். வாயில் வைக்க முடியவில்லை. குடித்தேன்.

மே 6

இஸ்திரிப் பெட்டிச் சூட்டின் வாசனையில் விழித்தேன். அப்பா அதற்குள் கிளம்பிவிட்டார். கொடியில் சீருடை இல்லை.

சமையலறை அலமாரியில் அந்தப் பழைய பாட்டில், கழுவித் துடைத்து. புது லேபிள், கோணல்மாணல் எழுத்து. 'உள்ளே சர்க்கரை இருந்தது. பின்பக்கம் பார்க்கவும்.'

திருப்பினேன்.

'முன்பக்கம் உண்மை. இன்னைக்கு நான் 214. பஸ் நம்பர்தான், பயப்படாதே. ஸ்பெஷல் கிளாஸுக்கு என் வண்டியில வா.'