இடாப்பில் வெட்டிய பெயர்

விதானை,

இன்று காலை வாக்காளர் பதிவுப் படிவம் வந்தது. அதில் சாவகச்சேரி என்று அச்சடித்திருந்ததைப் பார்த்ததும் உன் ஞாபகம்தான். எத்தனை கிராம அலுவலர் மாறி வந்தாலும் எனக்கு விதானை நீ ஒருவன்தான்.

எண்பத்துமூன்றில், தனிநாடு கேட்பதில்லை என்று சத்தியம் செய்ய மறுத்ததால் எங்கள் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினரின் ஆசனம் பறிபோனது. எண்பத்தொன்பதில் தேர்தல் வந்தபோது தொகுதிக்கு ஓர் ஆள் என்ற முறையே இல்லை. மாவட்டம் முழுவதையும் ஒன்றாக்கிவிட்டார்கள். "எங்கடை தொகுதி செத்துப்போச்சுதடாப்பா. பேர் மட்டும் கிடக்கு" என்றாய். அந்த வயிற்றெரிச்சலிலும் உனக்குப் பகிடிதான்.

அந்தத் தேர்தலுக்கு இரண்டு வருடம் முன்புதான் என் மூத்தவன், இருபது வயதுப் பிள்ளை, சைக்கிள் டியூப் வாங்கச் சந்தைக்குப் போனவன் திரும்பவில்லை. அடுத்த முறை நீ படிவத்தோடு வந்தாய். "அவன்ரை பேரையும் எழுதுங்கோ அண்ணை" என்றாள் என் மனைவி. வீட்டில் இல்லாதவனை எழுதக்கூடாது என்பது உனக்குத் தெரியும். தலை நிமிராமல் எழுதினாய்.

அதுதான் வினையாயிற்று. தேர்தலுக்கு அவன் பெயரில் வாக்காளர் அட்டை வந்தது. "அரசாங்கமே அனுப்பியிருக்கு. பிள்ளை எங்கையோ உயிரோடை இருக்கிறான்" என்று அதைச் சாமிப்படத்தடியில் வைத்தாள். வாக்களிப்பு நாளில் அதை எடுத்துக்கொண்டு விடியவே பள்ளிக்கூட வாசலில் போய் நின்றாள். அவன் வாக்குப் போட வருவானாம். பின்னேரம் வாக்குப்பெட்டியை ஏற்றிக்கொண்டு போகும் வரை நின்றாள்.

நான் உன் வீட்டுக்கு வந்து கத்தினேன். "அந்தப் பேரை வெட்டடா! அவளைப் பைத்தியமாக்காதை." நீ ஒன்றுதான் கேட்டாய்: "வெட்டினா அவவுக்கு ஆர் சொல்லுறது?"

நான் சொல்லவில்லை. அடுத்த வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லாததை அவளே கண்டாள். நீயாக வெட்டியதாக நினைத்தாள். நான் வாய் திறக்கவில்லை. நீயும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதன்பிறகு எங்கள் வீட்டில் உனக்கு ஒரு மிடறு தேத்தண்ணி கிடைக்கவில்லை.

தொண்ணூற்றைந்தில் வலிகாமத்துச் சனம் முழுவதும் சண்டைக்குத் தப்பி எங்கள் பக்கம் வந்து விழுந்தபோது, சாப்பாடு தூக்கமில்லாமல் பெயர் பதிந்தாய். ஒரு மத்தியானம் அந்தப் பதிவு மேசையிலேயே சரிந்துபோனாய். செத்தவீட்டுக்கு அவள் வரவில்லை.

போன கிழமை உன் மகள், தன் பிள்ளையின் கலியாணத்துக்குச் சொல்ல வந்தாள். "என்ரை பிள்ளையைச் சாகடிச்சது உன்ரை கொப்பர்தான்" என்று என் மனைவி முகத்துக்கு நேரே சொன்னாள். உன் மகள் தலை குனிந்து எழும்பினாள். வாசல் படலை வரை கூடப் போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன்.

சொல்லவில்லையடா. "பார்த்துப் போ பிள்ளை" என்றேன்.