பழத்துக்குள் ஒளித்த மாத்திரை

என் அருமை அத்தை,

மிளகு பறித்து முடித்தாயிற்று. இனி உங்களோடு சாவகாசமாகச் சண்டை போடலாம்.

நான் வாழ வந்தபோது உங்கள் சின்ன மகன் செல்வராசு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். பிறகுதான் காதுக்குள் யாரோ பேசுகிறார்கள் என்று காட்டுக்குள் ஓட ஆரம்பித்தான். மாத்திரையில்தான் கொஞ்சம் அடங்கினான். அந்த மாத்திரையை வேறு யாரையாவது தொட விட்டீர்களா? "என்ற மகனுக்கு நானே குடுத்துக்கறேன் சாமி, நீ அடுப்பப் பாரு" என்பீர்கள். எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

உங்கள் காரியத்தன்று என் வீட்டுக்காரர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: "அம்மாவுக்குப் புடிச்ச மலைவாழப்பழம் வருசம் திரும்பற வரைக்கும் இந்த ஊட்டுக்குள்ள வரக்கூடாது." தாய்க்காகப் பிள்ளை விட்டது. யார் மறுப்பது?

அதன்பின் செல்வராசு மாத்திரையைக் கையில் வைத்தால் வீசினான். களியில் மறைத்தால் துப்பினான். கெஞ்சிப் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். குரல்கள் திரும்ப வந்துவிட்டன. மிளகுக்கொடியை அறுத்துப் போட்டான். அவனைக் கண்டாலே என் பிள்ளைகள் கதவைச் சாத்தினார்கள். தூக்கமில்லாமல் நான் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். "மலைக்குக் கீழ ஒரு காப்பகம் இருக்குதாம். வெள்ளிக்கெழம பஸ்ஸுல கூட்டிட்டுப் போறேன்" என்றார் இவர். நான் வேண்டாமென்று சொல்லவில்லை, அத்தை. அப்பாடா என்றுதான் இருந்தது.

ஆனால் அவன் துணிகளைப் பையில் மடித்து வைக்கும்போது அழுகை வந்துவிட்டது. வாசலில் நின்று பார்த்தவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அழுவாதீங்க அண்ணி. பழம் வாங்கியாங்க. அம்மா அதுக்குள்ளதான் வெச்சுக் குடுக்கும்."

"உனக்கெப்படி கண்ணு தெரியும்?"

"மொதல்ல இருந்தே தெரியுமுங்க. நல்லா ஒளிச்சுட்டோம்னு அம்மா சந்தோசப்படும். அதான் ஒண்ணும் சொல்லல."

கேட்டீர்களா உங்கள் சாமர்த்தியத்தை! வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, அவன் ஒருவனைத் தவிர.

இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய் ஒரு சீப்புப் பழத்தோடு வந்தார். உங்களுக்காக விட்டதை அவரே எடுத்துவிட்டார். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது நாங்கள் ஒளிப்பதில்லை. மாத்திரையையும் பழத்தையும் தனித்தனியாக நீட்டுகிறோம். காலையில் நான், மாலையில் அவன் அண்ணன். சில நாள் முகத்தைத் திருப்பிக்கொள்வான். குரல்கள் முழுதாகப் போகவில்லை. போகுமென்று டாக்டரும் சொல்லவில்லை. ஆனாலும் அவன் தூங்குகிறான், நானும் தூங்குகிறேன்.

இத்தனை வருசம் ஏன் அத்தை வாயைத் திறக்கவில்லை? கேலி பேசுவேன் என்று நினைத்தீர்களா? ஒரு நாளாவது பிறந்த ஊரில் போய்த் தங்கியிருப்பீர்களா?

சத்தியமாகச் சொல்கிறேன். நாங்கள் இருக்கும்வரை அவனை மலையிறக்க மாட்டோம். ஆனால் உங்களைப் போல ஒற்றை ஆளாகச் சுமக்கவும் மாட்டேன். நாளைக்கு என் அம்மா வீட்டுக்குப் போகிறேன், தங்கித்தான் வருவேன். அவனை அவன் அண்ணன் பார்த்துக்கொள்வார்.

உங்கள் வாயாடி மருமகள்,
சரசு