மாதாவுக்குப் போட்ட மூன்று பல்பு

சேசு மரி சூசை துணை

காரைக்கால்,
12-4-1983

அன்புள்ள மகன் சிலுவைராஜுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் இங்கே நான் சுகம், நாகப்பட்டினத்தில் அக்கா அமலராணியும் அவள் பிள்ளைகளும் சுகம், ஷெட்டில் நிற்கிற வண்டியும் சுகம். குவைத்தில் உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று எழுது. அக்காவின் சின்னவனுக்கு அம்மை போட்டு இறங்கிவிட்டது, தலைக்குத் தண்ணீரும் ஊற்றியாயிற்று, கவலைப்படாதே. டின்னில் வரும் மீனையே தின்றுகொண்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தாய், கடற்கரை ஊரில் பிறந்துவிட்டு டின் மீன் தின்கிறவன் நம் பரம்பரையில் நீ ஒருவன்தான், அக்காவின் நாத்தனார் புருஷன் அடுத்த மாதம் அங்கே வருகிறான், கருவாடும் மிளகாய்த்தூளும் கொடுத்தனுப்புகிறேன்.

உன் கடிதம் குருத்தோலை ஞாயிற்றுக்கு முதல் நாள் வந்தது. இரண்டு முறை படித்தேன். அப்பாவின் வண்டியை செல்வநாதன் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு, வீட்டைப் பூட்டிவிட்டு, கோட்டுச்சேரியில் அவர் வீட்டு மாடி அறையில் போய் இருக்கச் சொல்லியிருக்கிறாய். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு பொம்பளை டாக்சி வைத்து நடத்த முடியாது, டிரைவர் ஏமாற்றுவான், மெக்கானிக் ஏமாற்றுவான், வண்டி நடுரோட்டில் நிற்கும், அப்பா பேர் கெடும் என்று வரிசையாக எழுதியிருக்கிறாய். கையெழுத்து உன்னுடையது, வார்த்தை அத்தனையும் உன் சித்தப்பாவுடையது, அவர் தும்மினாலே எனக்கு அடையாளம் தெரியும். என் பதிலை முதலிலேயே எழுதிவிடுகிறேன், மற்றதைப் பிறகு படி. வண்டியைக் கொடுக்க மாட்டேன். மாடி அறைக்கும் போக மாட்டேன். கொழுந்தன் வீட்டில் உட்கார்ந்து அவர் பெண்டாட்டி முகத்தைப் பார்த்துப் பார்த்துக் காப்பி குடிக்க என்னால் ஆகாது. உன் அப்பா என்னை அப்படி வைத்திருக்கவில்லை.

வண்டி மேல் நீங்கள் எல்லோரும் சொன்ன ஒரே குற்றம் பேட்டரி செத்துச் செத்துப் போகிறது என்பதுதானே, அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அப்பாவின் காரியமெல்லாம் முடிந்து ஜனவரியில் நீ பிளேன் ஏறினாய், நீ போன அடுத்த வாரமே தொந்தரவு ஆரம்பித்தது. நாகூர், வேளாங்கண்ணி என்று நீள ஓட்டம் போய்வந்தால் மறுநாள் ஒழுங்காகக் கிளம்பும், ஊருக்குள்ளேயே சுற்றிவிட்டு வந்தாலோ ஒரு நாள் சும்மா நின்றாலோ மறுநாள் காலையில் செல்ஃப் எடுக்காது, கட் கட் என்று சத்தம் மட்டும் வரும். ஹேண்டில் போட்டுச் சுற்றிச் சுற்றி டிரைவர் இளையபெருமாளுக்குத் தோள்பட்டை இறங்கிப்போனது. அப்பாவோடு ஒன்பது வருஷம் மாற்று டிரைவராக ஓடியவன், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை, அவனும் ஒரு நாள் ஹேண்டிலைக் கீழே போட்டுவிட்டு ஷெட் வாசலில் உட்கார்ந்துவிட்டான். மாசிக் கடைசியில் திருமலைராயன்பட்டினத்திலிருந்து நெய்னா முகம்மது ஆள் அனுப்பினார், அவர் மருமகள் மெஹர் பானுவுக்கு இடுப்பு வலி கண்டுவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வண்டி எடுக்கவில்லை. நானும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருக்காரர்களோடு சேர்ந்து தள்ளினேன், தெருமுனையில் போய்த்தான் உயிர் வந்தது. நல்லவேளையாக வழியில் ஒன்றும் ஆகவில்லை, ஆண் குழந்தை. அந்த மனுஷர் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, ஆனால் குழந்தைக்குப் பெயர் வைத்த விசேஷத்துக்கு உறவினர்களை அழைத்துவர வேறு டாக்சி பிடித்துக்கொண்டார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. அப்பா இருந்தவரை அவர் வீட்டுக் கல்யாணம் காட்சி எதற்கும் நம் வண்டிதான்.

நான் சும்மா இருக்கவில்லை. பேட்டரிக் கடையில் ஆசிட் பார்த்தார்கள், தண்ணீர் ஊற்றினார்கள், ஒரு பகல் முழுக்க சார்ஜில் போட்டார்கள், பேட்டரியில் குறையே இல்லை என்றார்கள். டெர்மினலில் பூத்திருந்த வெள்ளையை நானே வெந்நீர் ஊற்றித் தேய்த்து வாஸ்லின் தடவினேன். கார் எலக்ட்ரிக் வேலை செய்கிற காஜா மைதீன் வந்து டைனமோவைக் கழற்றிப் புது பிரஷ் போட்டார், டைனமோவிலிருந்து பேட்டரிக்குக் கரண்டை விடுகிற கட்-அவுட்டையும் மாற்றினார். அதற்கும் கேட்காததால் எங்கேயோ கரண்ட் கசிகிறது என்று சொல்லி, பேட்டரியிலிருந்து ஒரு ஒயரைக் கழற்றி நடுவில் ஒரு சின்ன பல்பை வைத்து எனக்குக் காட்டினார். வண்டியில் எல்லாம் அணைந்திருந்தால் இந்த பல்பு எரியக்கூடாதாம். அது எரிந்தது. டாஷ்போர்டில் மாதா சுரூபத்துக்கு முன்னால் நீ போட்டுவிட்டுப் போன விளக்குக்குப் போகிற கொஞ்சம்தான் அது, அதையும் கழற்றிப் பார்க்கட்டுமா என்று என்னைத்தான் கேட்டார். கூடாது, அது எரியட்டும் என்று நான்தான் சொன்னேன். அவரும் சரி என்று விட்டுவிட்டு ஹாரன், பிரேக் லைட், உள் லைட் என்று ஒவ்வொன்றாகத் தேடினார், மூன்று நாள் தேடியும் அகப்படவில்லை. சித்தப்பா ஞாயிறு தவறாமல் வந்து பார்த்துவிட்டு, ஆள் போனதும் வண்டிக்கும் மனசு விட்டுப்போச்சு என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போவார். ராசி கெட்ட வண்டி என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பேச்சுப் பரவிவிட்டது.

இனிமேல்தான் விஷயம். பெரிய வியாழனன்று காலையில் சார்ஜ் போட்ட பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டினோம். சாயங்காலப் பூசை முடிந்ததும் கோயிலில் பீடத்தையெல்லாம் வெறுமையாக்கி விளக்கை அணைத்தார்கள், நானும் வீட்டுக்கு வந்து வழக்கம்போல் சுரூபங்களுக்கு ஊதாத் துணி போர்த்தினேன். போர்த்தும்போதே வண்டியில் இருக்கிற மாதா ஞாபகம் வந்தது. உயிர்ப்புப் பூசை வரைக்கும் எந்தச் சுரூபத்துக்கும் விளக்கு எரியக்கூடாதே, அங்கே போய் அதற்கும் துணி போர்த்தி, சுவிட்ச் இல்லாததால் மூன்று பல்பையும் திருகிக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டு வந்தேன். வெள்ளி, சனி இரண்டு நாளும் வண்டியைத் தொடவில்லை, இளையபெருமாளுக்கும் லீவு கொடுத்திருந்தேன். ஈஸ்டர் காலையில் அவன் வந்து, எடுக்காது என்ற நினைப்பில் ஹேண்டிலைக் கையில் வைத்துக்கொண்டே செல்ஃபை இழுத்தான். முதல் இழுப்பில் கிளம்பியது. தெருவே கூடிவிட்டது. பேட்டரியும் மூன்றாம் நாள் உயிர்த்துவிட்டது என்று கோயில் உபதேசியார் கேலி செய்தார், எனக்கும் சிரிப்பு வந்தது. பண்டிகைச் சாப்பாட்டுக்கு வந்திருந்த உன் சித்தப்பாவுக்கு மட்டும் கேலி பிடிக்கவில்லை. இலையில் உட்கார்ந்துகொண்டே சொல்கிறார், “இது மாதா செஞ்ச புதுமைங்க அண்ணி. ஓடுறப்பவே கை மாத்தி வுட்டுடுங்க, நாளைக்கி மறுபடி படுத்துக்கிட்டா ஒரு பய வாங்க மாட்டான்.” அற்புதம் செய்த மாதா அதை இவருக்காகவா செய்தாள் என்று கேட்க வாய் வரை வந்தது, இலையில் உட்கார்ந்தவரை எழுப்பக்கூடாது என்று கறியை அள்ளி வைத்தேன்.

அவர் போன பிறகு உட்கார்ந்து யோசித்தேன். இந்த மூன்று நாளில் நான் புதிதாக என்ன செய்தேன், பல்பைக் கழற்றினேன், வேறொன்றும் இல்லை. பாவமோ என்னவோ, சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். அன்றைக்கே துணியை எடுத்துவிட்டு மூன்று பல்பையும் மாட்டினேன், திங்கள்கிழமை வண்டியை வெளியே எடுக்கவில்லை, செவ்வாய் காலையில் கட் கட். மறுபடி சார்ஜ் போட்டு புதன்கிழமை மாட்டி பல்பைக் கழற்றிவிட்டேன், வியாழன், வெள்ளி நிற்க விட்டேன், வந்த சவாரியைக்கூட வேண்டாம் என்றேன். சனிக்கிழமை இளையபெருமாளை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு நானே ஏறி உட்கார்ந்து செல்ஃபை இழுத்தேன், சட்டென்று கிளம்பியது. காஜா மைதீனைக் கூப்பிட்டு ஒரு பல்பைக் கையில் கொடுத்தேன். மேலே சுற்றியிருந்த நீலக் கண்ணாடித் தாளை அவர் பிரித்துப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். வெளியே மின்மினி போலத் தெரிந்ததே தவிர, உள்ளே நீ போட்டிருந்தது நம்பர் பிளேட்டுக்குப் போடுகிற பல்பு, ஒன்றல்ல, மூன்று, அதுவும் இரவும் பகலும் நேராக பேட்டரியிலிருந்து. “வண்டில உள்ள அத்தன ஒயரையும் கழட்டிப் பார்த்துட்டேம்மா, இந்த ஒண்ணுல கை வைக்க மட்டும் மனசு வரலைங்க,” என்றார். அவர் தொழுகைக்குப் போகிறவர், இளையபெருமாள் விபூதி பூசுகிறவன், நான் ஜெபமாலை சொல்கிறவள். மூன்று பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் மரியாதை கொடுத்து பேட்டரியைக் கொன்றிருக்கிறோம்.

சிலுவை, உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. குவைத்தில் பெரிய பெரிய கட்டடத்துக்கு ஒயரிங் செய்கிறவன், நம் வண்டிக்கு ஒரு சுவிட்ச் வைக்கவில்லையே என்று ஒரு நாள் முழுக்க மனதுக்குள் உன்னைத் திட்டினேன் என்பது உண்மைதான். அப்பாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்து, இது அணையவே கூடாதும்மா என்று அழுதுகொண்டே நீ அந்த ஒயரை இழுத்தது எனக்கு மறக்குமா. அதனால்தான் நானும் அதைத் தொட விடவில்லை. ஷெட்டைத் திறக்கும்போது அந்த நீல வெளிச்சம் தெரிந்தால் உன் அப்பா உள்ளே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும், நான் சொல்ல வேண்டியதை அங்கே நின்று சொல்லிவிட்டு வருவேன். ஆனால் அவர் இருந்தவரை சாவி போட்டால்தானே மாதா விளக்கு எரியும், சாவியை எடுக்கும்போது நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுத்தானே இறங்குவார், அதை நீயும் மறந்தாய், நானும் மறந்தேன். இப்போது காஜா மைதீன் சின்ன பல்பு ஒன்றே ஒன்று போட்டுச் சாவியோடு சேர்த்துவிட்டார். விளக்கை அணைத்தால் தோஷம் வரும் என்று உன் சித்தி சொல்லி அனுப்பினாள். மாதா நம் பேட்டரியை நம்பி இல்லை என்று பதில் சொல்லி அனுப்பினேன்.

நேற்று நெய்னா முகம்மது வீட்டுக்கு நானே வண்டியில் போய் இறங்கினேன். இனிமேல் நிற்காது, நின்றால் என்னைக் கேளுங்கள் என்று சொன்னேன். பிள்ளைக்குத் தடுப்பூசி போட வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்று சொல்ல வேண்டும், கோபப்படாமல் படி. உன் கடிதத்தோடு ஒரு தாள் வைத்திருந்தாய், தகப்பனார் மரியமுத்துவின் காரைப் பேர் மாற்றிக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபனை இல்லை என்று நீ கையெழுத்துப் போட்ட தாள். சித்தப்பா தன் பேரில் எழுதுவதா தன் மகன் பேரில் எழுதுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை, அதனால் பேர் எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், அவரிடம் கொடுத்துவிடு என்று எழுதியிருந்தாய். அவரிடம் கொடுக்கவில்லை. நேற்று நெய்னா முகம்மது வீட்டிலிருந்து நாகப்பட்டினம் போய் அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்து, காரைக்காலில் வண்டிப் பேர் மாற்றுகிற ஆபீசுக்குப் போய், அவளையும் அவள் பங்குக்குக் கையெழுத்துப் போட வைத்து, அந்தக் காலி இடத்தில் இருதயமேரி என்று என் பேரை எழுதிக் கொடுத்துவிட்டேன். குமாஸ்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார், அம்மா வண்டி ஓட்டுவீங்களா என்று கேட்டார். ஓட்டுவதற்கு ஆள் இருக்கிறது, வைத்துக்கொள்வது நான் என்றேன். உனக்கு இதில் ஆட்சேபனை இருந்தால் எழுது, ஆனால் இல்லை என்று நீதான் கையெழுத்துப் போட்டிருக்கிறாய்.

வெள்ளிக்கிழமைப் பூசையைத் தவறவிடாதே, அப்பாவுக்காக ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொல். வெயிலில் தலையில் துணி இல்லாமல் வேலைக்குப் போகாதே. சித்தப்பாவுக்கு நீயே ஒரு கடிதம் எழுதி விஷயத்தைச் சொல்லிவிடு, என் வாயால் சொன்னால் அவருக்கு இன்னும் சூடாக இருக்கும். சேசுவும் மாதாவும் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், நீ நூறு வயது நன்றாயிரு.

இப்படிக்கு,
உன் அம்மா
ம. இருதயமேரி
வண்டிச் சொந்தக்காரி