சின்னத்துரையின் கை சொன்னது

சேத்தூர்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மருமகன் ஸ்டெபினுக்கு, உன் அப்பா சின்னத்துரையோடு மில்லில் வேலை பார்த்த இசக்கிமுத்து மாமா எழுதுவது. நீ இருக்கும் மலையில் குளிர் எப்படியோ, உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே நானும் உன் அத்தை கருத்தம்மாவும் சுகம்.

இது என் கையெழுத்துதான். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். போன வருஷம் ஆடியில் சேர்ந்தேன். துக்கம் கேட்டு எழுதும் கடிதத்தில் சந்தோஷப்படுவது முறையில்லைதான். ஆனாலும் ஒரு வரி முடிந்ததும் அதை மறுபடி மறுபடி பார்க்கிறேன். நான் சொன்னது அங்கேயே இருக்கிறது. காலையில் உட்கார்ந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. "கலெக்டருக்கு மனுவா எழுதுறீக" என்று கேட்டுவிட்டுப் போகிறாள் கருத்தம்மா.

வகுப்பில் சேர்ந்ததை உன் அப்பாவிடம் சொன்னபோது, "ஏலே மச்சான், எந்த பஸ்ஸு எங்க போகுதுன்னு நீயே படிச்சிட்டா, பொறவு எங்கூட எதுக்கு வரப்போற?" என்று சிரித்தார். என் முதல் கடிதம் அவருக்குத்தான் என்று வைத்திருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் அதைச் சத்தமாகப் படித்து, என் எழுத்தைக் கேலி செய்து, உன் அம்மாவைச் சிரிக்க வைப்பார் என்று நினைத்திருந்தேன். இப்போது உனக்கு எழுதுகிறேன்.

போனில் பேசலாமே என்பாய். என் காது மில்லோடு போய்விட்டது. நேரில் என்றால் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வேன், போனில் நீ பதில் சொன்னால் எனக்குக் கேட்காது.

போன ஞாயிறு உன் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். ஜெபத்துக்கு வந்தவர்கள் கலைந்த பிறகு அன்னாள் மனம்விட்டுப் பேசினாள். கிறிஸ்துமஸுக்கு நீ வரவில்லை என்று சொல்லிவிட்டாயாம். அவள் போன் செய்தாலும் இரண்டு வார்த்தையில் வைத்துவிடுகிறாயாம்.

"லீவு முடிஞ்சு கிளம்பும்போது, போய்ட்டு வாரேன்பான்னு புள்ள கட்டில்கிட்ட குனிஞ்சான் அண்ணே. வாதம் வந்ததுல இருந்து அவியளுக்குத்தான் வாய் வரலையே. நல்லா இருந்த கையால அவனை வாசலைப் பார்த்து விரட்டிட்டாவ. திரும்பத் திரும்ப அதேதான். பட்டாளத்துல இன்னும் கொஞ்ச வருஷம் இருக்கேன்னு எழுதிக் கொடுத்ததுல அப்பாவுக்குக் கோவம் தீரலைன்னு அழுதுக்கிட்டே போனான். அடக்கத்துக்கு வந்தப்பவும் பெட்டிகிட்ட வரவே இல்ல" என்றாள்.

எப்படி விரட்டினார், செய்து காட்டு என்றேன். அன்னாள் காட்டினாள். கையை மடக்கி நெஞ்சில் இரண்டு தட்டு. பிறகு விரலை விரித்து வாசல் பக்கம் ஒரு வீச்சு. நெஞ்சு வலியில் தட்டுகிறார் என்று வீட்டில் நினைத்தார்களாம்.

மருமகனே, அது மில் பேச்சு. ஸ்பின்னிங்கில் மிஷின் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. அங்கே எல்லாம் கைதான். இழை அறுந்தது, மேஸ்திரி வருகிறார், டீ வந்துவிட்டது, ஒவ்வொன்றுக்கும் ஒரு சைகை உண்டு. நெஞ்சில் தட்டினால், உன் மிஷினையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். கூடவே வாசலைக் காட்டினால், நீ கவலைப்படாமல் போய் வா. கோபத்தில் இருப்பவன் இதைச் செய்யமாட்டான். முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் மிஷினையே பார்த்து நிற்பான்.

என் மகன் பாலகணேஷ் பிறந்த அன்று, கருத்தம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று மில் கேட்டுக்கு ஆள் வந்துவிட்டது. மாற்றிவிட ஆள் இல்லை. எதிர் வரிசையில் நின்ற உன் அப்பா என் முகத்தைப் பார்த்தார். நெஞ்சில் தட்டி வாசலைக் காட்டினார். நான் ஓடினேன். அந்த ஷிப்ட் முழுக்க இரண்டு பேர் வேலையை ஒருவராகப் பார்த்திருக்கிறார். மறுநாள் கேட்டால், "உன் மிஷினு உன்னைவிட எனக்குத்தான் அடங்குது மச்சான்" என்கிறார்.

வாய் போன பிறகு அவருக்கு அந்தப் பேச்சுதான் மிஞ்சியிருக்கிறது. வீட்டில் யாருக்கும் அது தெரியாது. கண் ஆபரேஷன் செய்து நான் வீட்டோடு கிடந்த நேரம் அது. வந்திருந்தால் அப்போதே உன்னிடம் சொல்லியிருப்பேன்.

நீ பட்டாளத்தில் தொடர்ந்தது அவருக்கு வருத்தம்தான். அதை மறைத்தால் மற்றதையும் நீ நம்பமாட்டாய். டீக்கடையில் என்னிடம் திட்டித் தீர்த்திருக்கிறார். ஆனால் நீ கிளம்பிய அன்று அவர் சொன்னது அது இல்லை.

இதைச் சொன்னதும் உன் அம்மா அந்தச் சைகையைத் தானும் செய்து செய்து பார்த்தாள். நீயே மகனிடம் சொல் என்றேன். "நான் சொன்னா அவனைத் தேத்துறதுக்குச் சொல்லுதேன்னு நினைப்பான். அவியகூட நின்னவுக நீங்க, நீங்க எழுதுங்கண்ணே" என்றாள். அதனால் எழுதினேன்.

கல்லறைக்கு இன்னும் சிமெண்டு பூசவில்லை. நீ வந்து நின்றால்தான் செய்வேன் என்கிறாள். மழையில் மண் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்காவிட்டால் பொங்கலுக்காவது வா. அன்றைக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் போகாதவன், இப்போது அவர் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அம்மாவுக்குப் போன் போடு. அவள் அழுதாலும் வைத்துவிடாதே. உன் சாமியும் என் சாமியும் உன்னை வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் மாமா,
இசக்கிமுத்து.