கதவைத் திறந்த பிறகு

ஆங் மோ கியோ
12.11.1986

மதிப்பிற்குரிய நண்பர் நெய்னா முகம்மது அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. அதில் நலம் விசாரிப்பதற்கும் முன்பாக ஒரு கேள்வி இருந்தது: “மகனுக்குக் கதவத் தொறந்த பிறகு அந்த அப்பா மொதல்ல என்ன சொன்னாரு? அத மட்டும் எழுதாம விட்டுட்டீங்களே சார்.” பதில் எழுத உட்கார்ந்து இரண்டு தாள்களைக் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது.

என்னிடம் பதில் இல்லை. தொலைக்காட்சியில் அவர் கதவைத் திறக்கவே இல்லை.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை என் வீட்டில் நாடகம் பார்த்து முடிந்ததும் நீங்கள், நான், பஸ் ஓட்டுநர் செல்லக்கண்ணு மூவரும் கீழே கோப்பிக் கடைக்கு இறங்குவோம். முதலில் நடந்ததைச் சொல்ல வேண்டும், பிறகுதான் நினைத்ததைச் சொல்லலாம் என்று விதி போட்டவன் நான். செல்லக்கண்ணு இரண்டையும் கலந்துவிடுவார். “ஸ்டாப்பு வர்றதுக்குள்ள கதவத் தொறக்காதீங்க லா” என்று கேலி செய்வீர்கள். நான்காம் வாரத்தோடு நீங்கள் நாகூரில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டீர்கள். அதே விதிப்படி வாரம் தவறாமல் கதையை எழுதி அனுப்பினேன். கடைசி வாரத்தில் நானே விதியை மீறினேன்.

உண்மையில் நடந்தது இது. தன் விருப்பப்படி மணம் செய்துகொண்ட மகன் வந்து மூன்று முறை தட்டுகிறான். அப்பா எழுந்து வருகிறார். தாழ்ப்பாளில் கை வைக்கிறார். கை அங்கேயே நிற்கிறது. மகன் படியிறங்கும் சத்தம் கேட்கிறது. அத்துடன் நாடகம் முடிந்துவிட்டது.

ஏன் மாற்றி எழுதினேன் என்று கேட்பீர்கள். நீங்கள் உட்காரும் பிரம்பு நாற்காலி ஏழாம் வாரத்திலிருந்து காலியாக இல்லை. உங்கள் மகன் அலீம் வருகிறான். மார்சிலிங்கிலிருந்து இரண்டு பஸ் மாறி, வேலை உடுப்போடு வருகிறான். முதல் நாள் உங்கள் முழங்காலைப் பற்றி விசாரிக்கத்தான் வந்தான். நாடகம் தொடங்கும் நேரம், உட்கார் என்றேன். வாப்பாவுக்கு எழுதிவிடாதீர்கள் என்று வாக்கு வாங்கிக்கொண்டான். இன்று அந்த வாக்கையும் மீறுகிறேன்.

கடைசி வாரம் பெட்டியை அணைத்த பிறகும் அவன் எழவில்லை. “அந்தக் கெழவனுக்கு வீம்பு லா” என்றார் செல்லக்கண்ணு. “இல்ல அங்கிள், அவரு தாழ்ப்பாள் வரைக்கும் வந்தாரு. வெளிய நின்னவனுக்கு அது தெரியாது” என்றான் அலீம். பிறகு என் பக்கம் திரும்பி, “எங்க வாப்பாவும் அன்னைக்கு எந்திரிச்சு வந்தாரா சார்?” என்று கேட்டான்.

போன நோன்பு மாதத்தில் அவன் உங்கள் கதவைத் தட்டித் திரும்பிப் போன சத்தம் அடுத்த வீட்டில் என் சமையலறை வரை கேட்டது. நீங்கள் எழுந்து வந்தீர்களா என்பது எனக்குத் தெரியாது. அதைப் பற்றி நாம் ஒருநாளும் பேசியதில்லை. நாடகத்தைப் பற்றித்தான் பேசினோம். தெரியாததைச் சொல்லக்கூடாது என்று அவனை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். மறுநாள் உங்களுக்கு எழுதும்போது நாடகத்துக் கதவு திறந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்விக்கு ஏதாவது ஒரு வரியை இட்டுக்கட்டி அனுப்பியிருக்கலாம். ஆனால், வாத்தியாராக இருந்த காலத்திலும், கோடிட்ட இடத்தைப் பக்கத்துப் பையன் நிரப்பிக் கொடுத்தால், விடை சரியாக இருந்தாலும் நான் மதிப்பெண் போட்டதில்லை.

நாகூரில் மழை பிடித்திருக்கும். முழங்காலில் குளிர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். என் மாலை ஜெபத்தில் உங்கள் இருவர் பெயரும் சேர்ந்தே வருகிறது.

அலீமின் முகவரியை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கதவைத் திறந்த பிறகு அப்பா முதலில் சொல்லும் வார்த்தையை நீங்களே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒரு வரி போதும். அதை எனக்கு அனுப்ப வேண்டாம், மார்சிலிங்குக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
அடுத்த வீட்டு இயேசுதாசன்