ரப்பர் மாடியில் வாத்து

திண்டிவனம் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் தையல்நாயகி, கணவன் அப்பாதுரைக்குக் காலண்டர் தாளில் எழுதிவைத்தாள்:

“களி சட்டியில இருக்கு. புது மாடியில ரப்பர் ஷீட் ஒட்டறப்ப, ஓட்டை இருந்தா ஒழுகும்னு தண்ணி போற குழாய் வாயையும் சேர்த்து மூடின ஆளு நீங்க ஒருத்தர்தான். மழைத்தண்ணி முழங்காலுக்கு நிக்குது, எதிர்வீட்டு வாத்து நீந்துது. சாயங்காலம் எங்கப்பாவைக் கூட்டிக்கினு வர்றேன். கொத்தனாரான அவரு கண்ணுல இது பட்டா மானமே போயிடும். அதுக்குள்ள குழாய் வாயில ரப்பரை அறுத்துடுங்க.”

இடம் தீர்ந்ததால் பின்பக்கம் சேர்த்தாள்:

“மாடிமேல நின்னு அறுங்க. கீழ ஏணி போட்டுக் குழாய்க்குள்ள கம்பி விட்டுக் குத்தாதீங்க. மொத்தத் தண்ணியும் தலையில கொட்டும், உங்க ஒடம்புக்கு ஆகாது.”

சாயங்காலம் மாடியில் தண்ணீர் இல்லை. தாளின் அடியில் ஈர எழுத்தில் பதில் இருந்தது:

“தண்ணி போயிடுச்சி. மாமா வர்றார்னு கட்டின புதுவேட்டியும் போச்சி. பின்பக்கத்தை இப்பதான் பாத்தேன்.”