பஞ்சு இருமல் என்று நான் சொன்னது

அக்கா,

உங்கள் நுரையீரல் படத்தை இன்று வெளியே எடுத்தேன். பீரோவில் புடவைகளுக்கு அடியில் நான்தான் வைத்திருந்தேன். இத்தனை வருடமாக எடுத்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை. நீங்கள் ஒட்டிய சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள் அதன் மேல் அப்படியே இருக்கின்றன. பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ கண்டால் அதை நோக்கி ஒட்டுவீர்களே, அதே ஸ்டிக்கர்.

படத்தைக் கேட்டவர் எங்கள் ஸ்கேன் சென்டர் டாக்டர். கொரோனா முற்றியவர்களின் நுரையீரல் எத்தனையாவது நாளில் எவ்வளவு கெட்டது, பிழைத்தவர்களுக்கு அது ஆறியதா, தழும்பாக நின்றதா என்று பழைய ஸ்கேன்களை வைத்து ஆராய்கிறார். கம்ப்யூட்டரில் உங்களுடையது வந்ததும் நிறுத்திவிட்டார்.

"இருமல் வந்து ஒரு நாள்னு ஃபாரத்துல இருக்குது. ஒரே நாள்ல இவ்வளவு வெள்ளையா? நான் பாத்ததே இல்லீங்க. ஃபிலிம் இருந்தாக் கொண்டாங்க, இதைத் தனியா எழுதோணும்."

அந்த ஃபாரத்தை எழுதியது நான். ஃபிலிமைத் தேடும் சாக்கில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நம் காம்பவுண்டில் இருமல் ஒரு புது விஷயமே இல்லை. பத்து வீட்டில் எட்டு வீடு பனியன் கம்பெனி. தொண்டையில் பஞ்சு படிந்தால் இருமுவார்கள், ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டு ஷிஃப்டுக்குப் போவார்கள். அந்த வருடம் நீங்கள் இரும ஆரம்பித்தபோது நம் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் வழியாக எனக்குக் கேட்டது. வறட்டு இருமல். பகலெல்லாம் ஸ்கேன் சென்டரில் நான் கேட்டுக்கொண்டிருந்த அதே இருமல்.

இரண்டாம் நாள் வாசலில் நின்று கேட்டீர்கள். "ஏங் கண்ணு, இது அதுவா இருக்குமா? நீ தெனமும் பாக்கறியே."

"பஞ்சு இருமலுங்க்கா. வெல்லம் போட்டுக்கங்க, போயிரும்."

தெரிந்தேதான் சொன்னேன். உங்களுக்கு அதுதான் என்று தெரிந்தால் காம்பவுண்டு வாசலைத் தகரம் அடித்து அடைத்துவிடுவார்கள். நான் வேலைக்குப் போக முடியாது. என் பயம் அவ்வளவுதான், அக்கா. அதைப் பெரிதாக்கிச் சொல்லவும் எனக்கு உரிமையில்லை. நீங்கள் என் பேச்சை நம்பி இரண்டு நாள் வெல்லம் தின்றீர்கள்.

நான்காம் நாள் காலை தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். மெஷினுக்குள் படுக்கவைத்து மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். உங்களால் ஐந்து எண்ணும்வரைகூடப் பிடிக்க முடியவில்லை. திரையில் கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் வெள்ளை. 'எத்தனை நாளாக இருமல்' என்ற கட்டத்தில் 'ஒன்று' என்று எழுதினேன். பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு இதுவரை என்ன செய்தாய் என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே.

ஆம்புலன்சுக்குக் காத்திருக்கும்போது படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தீர்கள், துணியைப் பார்க்கிற மாதிரியே. "கொஞ்சந்தானுங்க்கா" என்றேன்.

"டேமேஜ் பாக்கறதுதானே எம் பொழப்பு, எங்கிட்டயேவா?" பையிலிருந்து ஸ்டிக்கர் சுருளை எடுத்து ஒவ்வொன்றாக ஒட்டினீர்கள். "ஒரு பீசுல இத்தனை அம்பு ஒட்டுனா அதைத் தேச்சுப் பேக் பண்ண மாட்டாங்க கண்ணு." சிரித்தீர்கள். சிரிப்பு இருமலில் முடிந்தது.

இதயத்தின் பக்கத்தில் ஒன்றைத் தவறாக ஒட்டியிருந்தீர்கள். "இது ரத்தக்குழாய்ங்க்கா, டேமேஜ் இல்லீங்க" என்று உரித்தேன்.

"அப்ப ஒண்ணு கொறஞ்சுது" என்றீர்கள். படத்தையும் என்னிடமே கொடுத்துவிட்டுப் போனீர்கள். நீங்கள் போன ஐந்தாம் நாள் போனில் தகவல் வந்தது. உங்களை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. உரித்த ஸ்டிக்கரை எங்கே போடுவதென்று தெரியாமல் என் அடையாள அட்டையின் பின்பக்கம் ஒட்டியிருந்தேன். அது அங்கேயே தங்கிவிட்டது.

மதியம் திரும்பிப் போய்ப் படத்தை டாக்டர் மேஜையில் வைத்தேன். "சார், இது ஒரு நாள் இல்லீங்க. நாலு நாளு."

"உங்களுக்கு எப்படீங்க தெரியும்?"

"பக்கத்து ஊடுங்க. என்னைத்தான் கேட்டாங்க. பஞ்சு இருமல்னு நாந்தான் சொன்னேன். ஃபாரமும் நாந்தான் எழுதுனனுங்க."

 அவர் பழைய ஃபாரத்தை என் பக்கம் நகர்த்தி, "நீங்களே திருத்திருங்க" என்றார்.

ஒன்றை அடித்து நான்கு என்று எழுதினேன். அட்டையின் பின்னாலிருந்த அம்பை உரித்து, அடித்த எழுத்தை நோக்கி ஒட்டினேன். 

அட்டை என் கழுத்தில்தான் தொங்குகிறது. அம்பு இருந்த இடத்தில் கொஞ்சம் பசை மிச்சமிருக்கிறது. சாயங்காலம் ஒரு பெண் இருமிக்கொண்டே வந்து, "பஞ்சுதானுங்க, வேற ஒண்ணுமில்லீங்க" என்றாள். என் விரல் தானாக அந்தப் பசைக்குப் போயிற்று. எத்தனை நாளாக என்று அவளிடம் மூன்று தடவை கேட்டேன், அக்கா.